எந்தக் கண்ணாடியையும்

அந்த மண்வெட்டியின் கைப்பிடியில் ஒரு திசைகாட்டி பதித்திருந்தார்கள். பெட்டியைப் பிரித்த அன்றே அண்ணி அதை மேசைமேல் வைத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். முள் கொஞ்சம் ஆடிவிட்டு ஒவ்வொரு முறையும் மண்வெட்டியின் இரும்புத் தலையையே காட்டி நின்றது. காட்டில் வழி தவறியவன் இதை நம்பி நடந்தால் மண்வெட்டியைத் தவிர வேறெங்கும் போய்ச் சேர மாட்டான் என்று அவள் சொன்னாள். கொழுந்தன் அசரவில்லை.

"இதுல திசைகாட்டி இருக்குங்கிறதுதான் அண்ணி விஷயம். அது எதைக் காட்டுதுங்கிறது வேற விஷயம்."

டயர்க் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் நிறுவனம். முன்னறையில் கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள், ஒரு நீள மேசை, இரண்டு கணினிகள். பின்னறையின் மூலையில் கறுப்புத் துணி தொங்கவிட்டு, கீழே கொஞ்சம் மணலும் நாலு கூழாங்கல்லும் கொட்டி வைத்திருந்தார்கள். பாலைவனத்தில் எடுத்தது போலத் தெரியும் படங்களெல்லாம் அந்த நாலடி மணலில் எடுத்தவைதான். கொழுந்தன் முதலாளி. அவனுடைய அண்ணன், அதாவது அண்ணியின் கணவர், பெட்டி கட்டி முகவரி ஒட்டுவார். இணையத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே வரும் வாசகத்தை எழுதுவதும், அதை நம்பி வாங்கியவர்கள் போனில் திட்டும்போது வாங்கிக் கட்டிக்கொள்வதும் அண்ணியின் வேலை. கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கூரியர்காரர், டயர்க் கடைக்காரர், திட்டும் வாடிக்கையாளர்கள் உட்பட எல்லோருக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். ஒருமுறை கணவரே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை.

கொழுந்தனுக்குக் கமாண்டர் என்று பெயர் வைத்தவர் டயர்க் கடைக்காரர். கேலிக்கு வைத்த பெயரை அவன் பட்டமாக எடுத்துக்கொண்டான். முப்பத்து நாலு வயதில் பதினாலு பை வைத்த கால்சட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பையிலும் ஒரு கருவியோடு திரிந்தான். உட்கார்ந்தால் கலகலவென்று சத்தம் வரும். ராணுவத்துக்கும் அவனுக்கும் உள்ள உறவு, பள்ளிக்கூடத்தில் அணிவகுப்பு நடந்தபோது வெயில் தாங்காமல் மயங்கி விழுந்ததோடு சரி. இந்தக் கருவிகளைச் சுமக்க ஆரம்பித்த பிறகு அவனுக்கு வந்த ஒரே ஆபத்து, லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது. அன்றைக்கும் எல்லோரையும் போல மணியைத்தான் அழுத்தினான்.

சரக்கெல்லாம் கறுப்பு. விளிம்பில் பல் வைத்த டார்ச் ஒன்று. எதிரியின் முகத்தில் இடிப்பதற்காக அந்தப் பல் என்றார்கள். அது இதுவரை கிழித்தது கணவரின் மூன்று சட்டைப் பைகளைத்தான். கால் கிலோ எடையில் ஒரு பேனா. அதை வைத்து ஆளைக் குத்தலாம், கதவை நெம்பலாம், எழுத மட்டும் முடியாது. கோடாலியின் கழுத்தில் பாட்டில் திறக்கும் கொக்கி. திறக்கிறவனின் மணிக்கட்டுக்கு நேராகக் கோடாலியின் வாய் இருக்கும். இதையெல்லாம் ஒன்றுவிடாமல் அண்ணி சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பெயர் வைத்ததிலும் கூத்து. ராணுவ உத்திக்குத் தமிழில் என்ன என்று கமாண்டர் எங்கோ தேடி, தந்திரோபாயம் என்று பிடித்துக்கொண்டு வந்தான். தந்திரோபாயக் கோடாலி என்று அட்டையில் அச்சடிக்க இடம் போதவில்லை. உபாயத்தை வெட்டிவிட்டுத் தந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டான். தந்திரக் கோடாலி, தந்திரப் பேனா, தந்திர மண்வெட்டி. ஏமாற்று வேலை என்று பெட்டிமேலேயே எழுதி விற்கும் நிறுவனம் உலகத்தில் நம்முடையது ஒன்றுதான் தம்பி என்று அண்ணி சொன்னபோது, தனித்துவம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவன் சந்தோஷப்பட்டான்.

அண்ணி இதற்கு முன் பள்ளிப் பாடநூல்கள் அச்சாகும் இடத்தில் பதினோரு வருஷம் பிழை திருத்தியவள். ஒரு புள்ளி விட்டுப்போனால் அந்தப் புள்ளிக்காக லட்சம் தாளை நிறுத்தி வைத்த கை அவளுடையது. அதனால் இந்த வேலைக்கு வந்தபோதே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: கண்ணால் பார்க்காததை எழுத மாட்டேன். பெரும்பாலும் அதைக் காப்பாற்றியும் வந்தாள். ஒரே ஒரு முறை தவறினாள். அதுவும் வாய்க்கொழுப்பால்.

பொருள் ஒரு மீட்புச் சுத்தி. உள்ளங்கை நீளம். ஒரு முனையில் கூரான கடின உலோக மூக்கு, மறு முனையில் இருக்கை வாரை அறுக்கும் பிளவு, நடுவில் யாருக்கும் தேவையில்லாத ஒரு மண்டையோடு. வண்டி விபத்தில் சிக்கி, கதவு திறக்காதபோது ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே வருவதற்கானது. அந்தக் கடையிலேயே உருப்படியான பொருள் என்று அண்ணி நினைத்த ஒன்று. பெட்டிக்குள் மடித்திருந்த சீட்டைப் படித்தாள். கடினப்படுத்திய கண்ணாடிக்கு மட்டும் என்று அதில் பொடி எழுத்தில் இருந்தது. கடினப்படுத்தியது என்றால் எது, படுத்தாதது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டு, 'விபத்தில் கதவு திறக்காதபோது கார் ஜன்னல் கண்ணாடியை உடைக்க உதவும்' என்று எழுதிக் கொடுத்தாள்.

கமாண்டர் அதைத் திருப்பி அனுப்பினான். வீரியம் இல்லையாம். மாற்றிக் கொடுத்தாள். திருப்பி அனுப்பினான். உதவும் என்பது பலவீனமானவர்கள் பேசும் பேச்சாம். மூன்றாவது முறையும் வந்தது. நாலாவது முறை வந்தபோது வீட்டுக்குக் கிளம்ப இருபது நிமிஷம் இருந்தது, தலைவலி வேறு. வீரியம்தானே வேண்டும், இந்தா பிடி என்று கேலியாகத் தட்டினாள்:

'எந்தக் கண்ணாடியையும் ஒரே குத்தில் உடைக்கும். எந்த மலையையும் பிளக்கும். எமன் வந்தால்கூட இதைப் பார்த்துவிட்டு, முகவரி மாறிவிட்டது என்று திரும்பிப் போவான்.'

கேலி புரியாத மனிதனிடம் கேலி செய்யக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கமாண்டர் படித்துவிட்டுக் கண் கலங்காத குறையாக நின்றான். இதைத்தான் அண்ணி இத்தனை நாளாகக் கேட்டேன் என்றான். மலையும் எமனும் கொஞ்சம் அதிகம் என்று அவனே அடித்துவிட்டு, முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டான். நிறுத்து, அது விளையாட்டுக்கு எழுதியது என்று அண்ணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போட்டுத் தொலை என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கண்ணாடியை என்றால் ஒரு கண்ணாடி. எந்தக் கண்ணாடியையும் என்றால் உலகத்தில் இருக்கிற அத்தனை கண்ணாடியும். ஒரு 'எந்த', ஒரு 'உம்', அவ்வளவுதான் வித்தியாசம். அந்த 'உம்' பாடநூலில் இருந்திருந்தால் அவள் அச்சு இயந்திரத்தை நிறுத்தியிருப்பாள்.

வேன்காரம்மா வந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மாலை. ஒரு பள்ளிக்கூடத்தின் ஆறு வேன்களுக்கும் தலைமை ஓட்டுநர். ஐம்பது வயது, அகன்ற தோள், மாடிப்படி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பன்னிரண்டு சுத்திகள் வேண்டும் என்றாள். போன வருஷம் மழையில் அவளுடைய பழைய வேன் ஒன்று ஓடைப் பள்ளத்தில் சரிந்து, கதவு மண்ணில் புதைந்துகொண்டதாம். உள்ளே தண்ணீர் முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது. கடைசியில் சக்கரம் கழற்றும் ஸ்பேனரால் அடித்து அடித்து ஒரு ஜன்னலை உடைத்து ஒன்பது பிள்ளைகளை வெளியே எடுத்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் புது வேன்கள் வாங்கியது. நல்ல வண்டி, ஜன்னலைச் சாத்தினால் வெளிச்சத்தம் உள்ளே வராது என்று பெருமையாகச் சொன்னாள்.

கறுப்பில் மட்டும்தான் வருமா, மஞ்சள் கிடையாதா, இருட்டில் எப்படித் தேடுவது என்று கேட்டாள். எதிரி கண்ணில் படக் கூடாது என்பதற்காகத்தான் கறுப்பு என்று கமாண்டர் விளக்கினான். எனக்கு எதிரி யாரும் இல்லை தம்பி, அறுபது பிள்ளைகள்தான் இருக்கிறார்கள் என்றாள் அவள். பிறகு மேசைமேல் ஒரு சுத்தியை எடுத்து எடை பார்த்தாள். இரண்டு பேரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டாள்.

"எங்க வண்டிக் கண்ணாடி இதுல உடையுமா? எந்தக் கண்ணாடியையும்னு போட்டிருந்துச்சு. அந்த எந்தவுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

அண்ணியின் கையில் ஒட்டு நாடா இருந்தது. 'மட்டும்' என்று அந்தச் சீட்டில் இருந்த பொடி எழுத்து மனதில் முள்ளாகக் குத்தியது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கமாண்டர் ஆரம்பித்துவிட்டான். டாங்கியின் கண்ணாடியே தாங்காதாம், வேன் எந்த மூலைக்கு என்றான். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்துவிட்டால் இடையில் யார் பேச முடியும். கணவர் பன்னிரண்டையும் கட்டிவிட்டார். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு நாடாவைக் கிழித்துக் கொடுத்தாள். வேன்காரம்மா நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று இரவு அண்ணிக்குத் தூக்கம் சரியில்லை. காலையில் வந்ததும் ஒரு பெட்டியைப் பிரித்து, சீட்டை எடுத்துக்கொண்டு நேராக டயர்க் கடைக்குப் போனாள். டயர்க் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். வண்டிக் கண்ணாடியில் இரண்டு ஜாதி உண்டு என்றார். ஒன்று, ஒரு தட்டுத் தட்டினால் கல்லுப்பு மாதிரிக் கொட்டிவிடும். அதுதான் கடினப்படுத்தியது. இன்னொன்று, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி. அது விரிசல் விடும், விழாது. முன்பெல்லாம் முன்கண்ணாடி மட்டும்தான் அப்படி. இப்போது சில புது வண்டிகளில் பக்க ஜன்னலும் அப்படித்தான் வருகிறதாம்.

"எதுக்குண்ணே அப்படிப் போடுறாங்க?"

"சத்தம் உள்ள வராம இருக்கத்தான்."

வேன்காரம்மா பெருமையாகச் சொன்ன ஜன்னல் அண்ணிக்கு நினைவு வந்தது. கண்ணாடியின் மூலையில் எந்த ஜாதி என்று பொடியாக அச்சடித்திருப்பார்கள் என்று சொல்லி, அவர் வாசலில் நின்ற கமாண்டரின் புதுக் காருக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பொடி எழுத்து படிப்பது அவளுக்குப் பழக்கம். பக்க ஜன்னலில் அடுக்குக் கண்ணாடி என்று இருந்தது.

மேலே போய்ச் சொன்னாள். கமாண்டர் சிரித்தான். டயர் ஒட்டுகிறவருக்கு ராணுவத் தொழில்நுட்பம் என்ன தெரியும் என்றான். அப்படியானால் உங்கள் காரிலேயே அடித்துப் பார்த்துவிடலாம் தம்பி என்றாள். அவன் முகம் சுருங்கியது. என் காரிலா என்று கேட்டான். அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் உங்கள் கார் ஜன்னல் ஒன்று பெரிதா என்று அவள் கேட்டாள். இதைப் படம் பிடித்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியதும் அவன் முகம் தானாக மலர்ந்தது. கையுறை போட்டான், கறுப்புக் கண்ணாடி மாட்டினான், தலைமுடியைச் சரி செய்துகொண்டான். கணவர் போனைப் பிடித்துக்கொண்டார். அதைத் தன் போனில் பிடிக்கச் சொன்னாள் அண்ணி.

முதல் குத்தில் டொக் என்றது. கண்ணாடியில் வெள்ளையாக ஒரு பூ விழுந்தது. கமாண்டர் போனைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டு இரண்டாவது குத்தினான். இன்னொரு பூ. ஐந்தாவது குத்துக்குப் புன்னகை போய்விட்டது. பத்தாவது குத்தில் கையுறையைக் கழற்றி எறிந்தான். கண்ணாடி முழுக்க நொறுங்கி வெளுத்துப்போய், ஆனாலும் நனைந்த சாக்கு போலத் தொய்ந்து அப்படியே நின்றது. பதினாலாவது குத்தில் சுத்தியின் மூக்கு கழன்று சாக்கடைப் பக்கம் பறந்தது. டயர்க் கடைக்காரர் அது விழுந்த திசையை மரியாதையாகப் பார்த்தார். உள்ளே ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூட ஓட்டை இல்லை.

இனி இவன் என்ன சொல்ல முடியும் என்று அண்ணி நினைத்தாள். அவளுக்கு இன்னும் அவனை முழுக்கத் தெரியவில்லை.

"உடைக்கும்னுதான அண்ணி போட்டோம். உடைஞ்சிருக்கே. ஆள் வெளிய வர்ற மாதிரி ஓட்டை விழும்னு எங்க போட்டோம்?"

அவன் அதோடு விடவில்லை. முதல் குத்தோடு படத்தை வெட்டிப் போட்டால் போதும் என்றான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தடவிப் பார்த்தான். நம் சுத்தியாலேயே துளைக்க முடியாத கண்ணாடி என்றால் அது எப்பேர்ப்பட்ட கண்ணாடி, இதையே தருவித்துத் தந்திரக் கண்ணாடி என்று விற்கலாமே என்றான். அப்போது அவன் குரலில் இருந்த உண்மையான மகிழ்ச்சியைப் பார்த்து அண்ணிக்கு அழுகை வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனையாவது கையும் களவுமாகப் பிடிக்கலாம். இவன் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு இதுதான் சோறு என்கிறான்.

வேன்காரம்மாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். ஆறு வண்டிகளும் கிளம்பிவிடும். மணி இரண்டு. பையை எடுத்தாள். கணவர் வாசல் வரைக்கும் வந்தார். மாலையில் போனில் சொல்லிக்கொள்ளலாமே, இப்போது நேரில் போய்ச் சொன்னால் தம்பி மனசு நோகும், அவன் சின்னப் பையன் என்றார். தலையில் அடித்துக்கொள்ளக் கை ஓங்கியவள், பேருந்து வருவதைப் பார்த்துவிட்டு அந்தக் கையையே நீட்டி நிறுத்தினாள்.

வழி முழுக்க மனதுக்குள் கொழுந்தனைத் திட்டிக்கொண்டே போனாள். நிறுத்தம் வந்ததும் கணவரைத் திட்ட ஆரம்பித்தாள். தம்பியின் மனசு நோகும் என்கிறவருக்கு, தண்ணீருக்குள் கண்ணாடியைக் குத்திக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் கை நோகும் என்று ஏன் தோன்றவில்லை? பள்ளிக்கூடத்தின் பின்கட்டு வாசலை அடைந்தபோது யாரையும் திட்ட மிச்சம் இல்லை.

ஆறு வேன்களும் வரிசையாக நின்றன. ஐந்து பளபளவென்று இருந்தன. ஆறாவதன் பின்கதவின் அடிப்பாகத்தை யாரோ லாரிக்காரர் நசுக்கிவிட்டிருந்தார். மறுநாள் பட்டறையில் கதவையே மாற்றப் போவதால் அந்த வண்டிக்கு அன்று ஓய்வு. வேன்காரம்மா ஒரு வண்டிக்குள் மண்டியிட்டு இருக்கைக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தாள். போன் முன்னிருக்கையில் கிடந்தது. பன்னிரண்டு சுத்திகளையும் காலையிலேயே பக்க ஜன்னல்களுக்கு மேலே பிடி அடித்து மாட்டியிருந்தாள். மண்டையோட்டைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகள் பயப்படுமே என்று ஒவ்வொன்றின் மேலும் சிரிக்கிற சூரியன் படம் ஒட்டியிருந்தாள்.

அதைப் பார்த்த பிறகு பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று அண்ணிக்குத் தெரியவில்லை. போனில் இருந்த படத்தைக் காட்டினாள். வேன்காரம்மா பதினாலு குத்தையும் பொறுமையாகப் பார்த்தாள். மூக்கு கழன்று பறந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடியும் பார்த்தாள். எழுந்து ஜன்னல் மூலையைக் குனிந்து பார்த்தாள். எழுத்து பொடியாக இருந்ததால் தெரியவில்லை. அண்ணி படித்துச் சொன்னாள். அடுக்குக் கண்ணாடி. அடுத்த ஜன்னலும் அதுவே. ஒரு வண்டியில் எட்டு ஜன்னல். இரண்டு பேரும் ஆறு வண்டிகளையும் சுற்றி வந்தார்கள். ஒவ்வொரு மூலையிலும் அண்ணி குனிந்து படிக்க, ஒவ்வொரு முறையும் அந்த ஒரே பதில்.

கடைசியாக, நசுங்கிய வண்டியின் பின்பக்கம் வந்தபோது அவள் குனிந்த இடத்திலேயே நின்றாள். பின்கண்ணாடி வேறு ஜாதி. கடினப்படுத்தியது. ஓடிப்போய் மற்ற ஐந்து வண்டிகளின் பின்கண்ணாடியையும் பார்த்தாள். எல்லாம் அதேதான். ஒவ்வொரு வண்டியிலும் உடையக்கூடிய கண்ணாடி ஒன்று இருந்தது.

இது நிச்சயமாக உடையும் அக்கா என்றாள். வேன்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எழுத்தைப் படிச்சுச் சொல்றது போதும். உடைச்சுக் காட்டுங்க."

நாளைக்கு மாற்றப் போகிற கதவுதானே என்று அவளே ஒரு சுத்தியைக் கழற்றிக் கொடுத்தாள். அண்ணி அதுவரை அந்தப் பொருளை ஒரு முறைகூடப் பிடித்து அடித்ததில்லை. வண்டிக்குள் ஏறிக் கடைசி இருக்கையில் முட்டி போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பி, கண்ணாடியின் ஓரத்தில் குத்தினாள். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கண்ணாடி மொத்தமும் கல்லுப்பாகி உள்ளேயும் வெளியேயும் சரிந்து கொட்டியது. திடீரென்று காற்று முகத்தில் அடித்தது. சூரியன் ஒட்டிய அந்தச் சுத்தி கையில் அப்படியே இருந்தது, மூக்கு கழலாமல். நல்ல பொருள். இருக்கிற பொருளை இருக்கிறபடி சொல்லி விற்றிருந்தாலே போதும், அத்தனை நல்ல பொருள்.

வேன்காரம்மா அந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினாள். சுத்திகளை எல்லாம் பின்னால் மாற்ற வேண்டும், பிள்ளைகளுக்குப் பின்பக்கம் ஓடச் சொல்லிப் பழக்க வேண்டும், மற்ற ஓட்டுநர்களுக்கு இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று விரல் விட்டு எண்ணினாள்.

அண்ணிக்கு உடம்பு லேசானது. லேசானதும் வாய் திறந்துகொண்டது. இருக்கையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். மண்வெட்டியையே காட்டும் திசைகாட்டியைச் சொன்னாள், எழுதாத பேனாவைச் சொன்னாள், தந்திரக் கண்ணாடியைச் சொன்னாள். கொழுந்தனிடம் எத்தனை தடவை தலைப்பாடாக அடித்துக்கொண்டாலும் கேட்பதில்லை என்றாள். அவன் ஒரு பக்கம் என்றால் வீட்டுக்காரர் இன்னொரு பக்கம், இரண்டு பேருக்கும் நடுவில் கல்லில் நார் உரித்துக்கொண்டிருக்கிறேன் அக்கா என்றாள். வேன்காரம்மா சுத்திகளை மாட்டியிருந்த பிடிகளை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"அந்தத் தம்பியை விடுங்க. கடைன்னா நாலு கூடச் சொல்லுவாங்க. நேத்து நான் உடையுமான்னு கேட்டப்ப நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அண்ணி பதில் தேடினாள். வாயைத் திறந்தேன், அதற்குள் அவன் பேசிவிட்டான் என்று சொல்லலாம். நாடா கையில் இருந்தது என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். உடைஞ்சிருக்கே, ஓட்டை விழும்னு எங்க போட்டோம் என்று அவன் சொன்னதும் அந்த மாதிரி உண்மைதான் என்று பட்டதும், இரண்டையும் விட்டுவிட்டாள். தன்மேல்தான் எரிச்சல் வந்தது.

"எந்தக் கண்ணாடியையும்னு எழுதினது அந்தத் தம்பி இல்லக்கா. நான்தான். விளையாட்டுக்கு எழுதினேன். சீட்டுல மட்டும்னு போட்டிருந்ததையும் படிச்சிருந்தேன்."

வேன்காரம்மா திருகுவதை நிறுத்தினாள். அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அண்ணி, வாசகத்தை இன்றைக்கே மாற்றிவிடுகிறேன், வாங்கிய எல்லோரையும் நானே கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டு போனாள். வேன்காரம்மா எழுந்து முன்னால் போய், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த துடைப்பத்தை எடுத்து வந்து நீட்டினாள்.

"மூணரைக்குப் புள்ளைங்க இந்த வழியாதான் வரும். ஒரு தூள்கூட இருக்கக் கூடாது."

அண்ணி வண்டிக்குள் கூட்டினாள். பிறகு இறங்கி வெளியே கூட்டினாள். பெருக்கித் தள்ளிய இடத்திலேயே வெயில் பட்டு இன்னொரு துணுக்கு மின்னியது. துடைப்பத்தை வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து கையால் பொறுக்க ஆரம்பித்தாள்.